அம்மை இறங்கிவிட்டது என்று வடமாடு பிடிக்கப் போன தம்பி

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

அவருடைய தம்பிக்கு வயது 23. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை. தை மாதக் கடைசியில் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. கஞ்சிகூட இறங்கவில்லை, கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. பக்கத்து கிளினிக்கில் அமாக்ஸிசிலின் மாத்திரை கொடுத்தார்கள். நான்காம் நாள் நெஞ்சிலும் முதுகிலும் செக்கச்செவேல் என்று தடித்துவிட்டது. "ஆத்தா வந்திருக்கா, மாத்திரையை நிறுத்துங்க" என்று அப்பத்தா சொல்லிவிட்டார். வேப்பிலைப் படுக்கை, இளநீர், மோர்ச்சோறு. காய்ச்சல் விட்டதும் முறைப்படி மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். காய்ச்சல் தொடங்கிய பதினேழாம் நாள் பக்கத்து ஊரில் வடமாடு, அதாவது நீளக் கயிற்றில் கட்டிய காளையைக் குழுவாக அடக்கும் போட்டி. 9 பேர் கொண்ட குழுவில் தம்பியும் ஒருவர். திமிலைப் பிடித்துத் தொங்கியவரை மாடு உதறியதில் இடது விலா தரையில் மோத விழுந்தார். கொம்பு படவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டார். அங்கிருந்த மருத்துவக் குழுவும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றது.

மறுநாள் இடது தோளில் வலி. சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் போட்டு நீவினார்கள், மருந்துக் கடையில் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் விடிகாலை வேர்த்துக் கொட்டி, கொல்லைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். 108-ல் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேனில் வயிறு முழுக்க இரத்தம். மதுரைக்கு அனுப்பி, அன்றே மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த இரத்தப் பரிசோதனையில், முதலில் வந்தது அம்மை இல்லை, எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று தெரிந்தது. இப்போது இரண்டு மாதம் ஆகிவிட்டது. தம்பி நடமாடுகிறார், பட்டறைக்குப் போகவேண்டும் என்கிறார். ஆவணியில் கல்யாணம் பேசி வைத்திருக்கிறார்கள்.

சகோதரி நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். தவறு யாருடையது, கிளினிக் மேல் வழக்குப் போடலாமா? மண்ணீரல் இல்லாமல் பிழைப்பு, கல்யாணம், குழந்தை எல்லாம் எப்படி? முத்தம் கொடுத்தால் வரும் நோய் என்று இணையத்தில் பார்த்துவிட்டு உறவினர்கள் தம்பியைத் தப்பாகப் பேசுகிறார்களே? அடுத்த தைக்கு மறுபடி மாடு பிடிப்பேன் என்று நிற்பவரை எப்படித் தடுப்பது? கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்றையும் எழுதியிருக்கிறார்: "டிஸ்சார்ஜ் சீட்டில் ஏதோ மூன்று தடுப்பூசி எழுதியிருந்தார்கள். விலை அதிகம் என்றார்கள், ஆள் நன்றாகத்தானே இருக்கிறான் என்று விட்டுவிட்டோம்."

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் நான்கு கேள்விகளும் கொஞ்சம் காத்திருக்கலாம். அந்தக் கடைசி வரி காத்திருக்காது. இந்த வாரமே தம்பியை அழைத்துக்கொண்டு போய் அந்த ஊசிகளைப் போடுங்கள்.

மண்ணீரல் இரத்தத்தை வடிகட்டும் உறுப்பு. சில வகைப் பாக்டீரியாக்கள் மேலே வழவழப்பான உறை போட்டுக்கொண்டு வரும். நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்குபவை அந்த வகைதான். அவற்றை இரத்தத்திலிருந்து பிடித்து அழிப்பதில் மண்ணீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது இல்லாதவருக்கு இந்தக் கிருமிகள் இரத்தத்தில் ஏறினால் காலையில் சாதாரணக் காய்ச்சல், இரவுக்குள் உயிருக்கு ஆபத்து என்ற அளவுக்கு வேகமாகப் போகும். அரிதாகத்தான் நடக்கும். ஆனால் நடந்தால், நல்ல சிகிச்சை கிடைத்தும் பாதிப் பேர் வரை இறந்துபோகிறார்கள். முதல் இரண்டு மூன்று வருடங்களில் ஆபத்து அதிகம், ஆயுள் முழுக்கவும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும்.

அந்த மூன்று ஊசிகள் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஆகிய மூன்று பாக்டீரியாக்களுக்கும் எதிரானவை. அவசர அறுவைக்குப் பிறகு 14 நாள் கழித்துப் போடுவது வழக்கம். இரண்டு மாதம் தள்ளிப்போனதால் பயன் இல்லை என்று நினைக்கவேண்டாம், இன்று போட்டாலும் வேலை செய்யும். நிமோகாக்கஸ் ஊசியில் இரண்டு வகை உண்டு. ஒன்றைப் போட்டு 8 வாரம் கழித்து இரண்டாவதைப் போடச் சொல்வார்கள். இப்போது வந்திருக்கும் புதிய வகை என்றால் ஒன்றே போதும் என்றும் சொல்லலாம். மெனிங்கோகாக்கஸ் இரண்டு தவணை, பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை. இவை போக ஃப்ளூ ஊசி வருடா வருடம். தனியாரில் எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம் ஆகும், மறுக்கவில்லை. முதலில் அறுவை செய்த மருத்துவமனையிலேயே, டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டி, இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். எங்கும் இல்லையென்றால் கல்யாணச் செலவில் ஒரு இனத்தைக் குறைத்தாவது போட்டுவிடுங்கள்.

ஊசி போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. அதனால் வீட்டில் ஒரு சட்டம்: தம்பிக்குக் குளிர் நடுக்கமோ 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ வந்தால், கஷாயம் வைத்துப் பார்ப்போம், நாளைக் காலை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. நேராக மருத்துவமனை. உள்ளே நுழைந்ததும் சொல்லவேண்டிய முதல் வார்த்தை "மண்ணீரல் எடுத்தவர்" என்பதுதான். ஒரு சிறு அட்டையில் எழுதி சட்டைப் பையிலோ செல்போன் உறைக்குள்ளோ வைத்துக்கொள்ளட்டும். நாய் கடித்தால், நக்கிய இடத்தில் புண் இருந்தால்கூட, வெறிநாய்க்கடி ஊசியோடு நிறுத்தக்கூடாது. நாயின் எச்சிலில் இருக்கும் ஒரு பாக்டீரியா மண்ணீரல் இல்லாதவரைக் குறிவைத்துத் தாக்கும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். மலேரியா உள்ள இடங்களுக்கு வேலைக்குப் போனால் முன்கூட்டியே தடுப்பு மாத்திரை வேண்டும்.

அந்தச் சிவப்புத் தடிப்பு

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. மண்ணீரல் எடுத்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தவுடன் போட்டுக்கொள்ள வீட்டிலேயே ஒரு ஆன்டிபயாடிக் வைத்திருக்கச் சொல்வோம். சிலருக்குத் தினமும் ஒன்று என்று நீண்ட நாள் கொடுப்பதும் உண்டு. பெரும்பாலும் அது பெனிசிலின் குடும்பத்து மருந்துதான், அமாக்ஸிசிலின் அதில் ஒன்று. நீங்களோ "அந்த மாத்திரை தம்பிக்கு ஒத்துக்கொள்ளாது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

எப்ஸ்டீன்-பார் காய்ச்சல் இருக்கும்போது அமாக்ஸிசிலினோ ஆம்பிசிலினோ சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துச் சிவப்பது நன்கு அறிந்த சங்கதி. வைரஸும் மருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்ததால் வந்த தடிப்பு அது. பெரும்பாலானவர்களுக்கு அந்த வைரஸ் அடங்கிய பிறகு அதே மருந்து ஒன்றும் செய்வதில்லை. ஆனால் வீட்டில் ஒரு மாத்திரை போட்டுச் சோதித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். உண்மையான ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள், சிலருக்கு அது மூச்சை அடைக்கும். மருத்துவரிடம் நடந்ததை நாள்வாரியாகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் பரிசோதனை செய்து முடிவெடுப்பார். அதுவரைக்கும் அட்டையில் "இந்த மருந்துக்கு இன்ன காய்ச்சலின்போது தடிப்பு வந்தது" என்று உள்ளது உள்ளபடி எழுதி வையுங்கள். சும்மா "பெனிசிலின் அலர்ஜி" என்று எழுதிவிட்டால், நாளைக்கு அவசரத்தில் அவருக்குத் தேவைப்படும் நல்ல மருந்தை யாரும் தொடமாட்டார்கள்.

அம்மை என்று சொன்ன அப்பத்தாவை யாரும் குறை சொல்லவேண்டாம். தடிப்பைப் பார்த்தால் அனுபவப்பட்ட கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். பத்து நாள் பையனை அசையவிடாமல் படுக்க வைத்ததே அவர்தான், இந்த நோய்க்கு ஓய்வைத் தவிர பெரிய வைத்தியம் கிடையாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் முடிந்தது என்று வீடே நினைத்ததுதான் வினையாகிவிட்டது.

மாடு லேசாகத்தான் உதறியது, அப்புறம் எப்படி?

மண்ணீரல் இடது விலாவுக்கு அடியில், 9 முதல் 11 வரையுள்ள எலும்புகளின் மறைவில் இருக்கிறது. சாதாரணமாக 150 கிராம் இருக்கும், வெளியிலிருந்து தொட்டால் தட்டுப்படாது. எப்ஸ்டீன்-பார் காய்ச்சலில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது வீங்குகிறது. உள்ளே அணுக்கள் நிரம்பி, மேலுறை இழுபட்டு மெலிந்துவிடும். விலாவின் மறைவிலிருந்து கீழே இறங்கியும் வரும். அந்த நிலையில் அது கிழிய கொம்புக் குத்து தேவையில்லை. கிழிபவர்களில் கணிசமானவர்களுக்கு அடியே படுவதில்லை. இருமியதில், பாரம் தூக்கியதில், சும்மா படுத்திருந்தபோதுகூட நடந்திருக்கிறது. மொத்தத்தில் இது அரிது, இந்தக் காய்ச்சல் வந்த 1000 பேரில் 1 முதல் 5 பேருக்குத்தான். அந்தச் சிலரில் பெரும்பாலோர் இளவயது ஆண்கள், பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நான்கு வாரத்துக்குள். உங்கள் தம்பிக்கு அது பதினேழாம் நாள்.

தம்பிக்குப் புரியும்படி சொல்வதென்றால், பட்டறையில் அச்சிலிருந்து எடுத்த கல் பார்வைக்கு இறுகித்தான் இருக்கும், பூவேலையும் பளிச்சென்று தெரியும். தொட்டியில் ஊறிக் காய்வதற்கு முன் அதை யாராவது லாரியில் அடுக்குவார்களா? காய்ச்சல் விட்டு, சாப்பாடு இறங்கி, முகம் தெளிந்த பிறகும் மண்ணீரலுக்கு அந்த நாட்கள் பாக்கி இருந்தன.

விழுந்ததும் ஏன் தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் உறைக்குள்ளேயே இரத்தம் கட்டியிருக்கும். உறை தாங்கும்வரை நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சரியாகவே காட்டும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சிலருக்கு அதற்கும் பிறகோ, உறை உடைந்ததும் வயிற்றுக்குள் கொட்டிவிடும். களத்தில் இருந்த மருத்துவக் குழு பார்த்தபோது கண்டுபிடிக்க ஒன்றும் இருந்திருக்காது.

தோள் வலியைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்: "கையைத் தூக்கினால் வலிக்கலைன்னு சொன்னான், மல்லாந்து படுத்தாத்தான் வலிக்குதுன்னான்." சுளுக்கு என்றால் கையைத் தூக்கும்போதுதான் வலிக்கவேண்டும். வயிற்றுக்குள் கசிந்த இரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் படும்போது, அந்த இடத்துக்குப் போகும் நரம்பு தோளிலிருந்து வருவதுபோல் மூளைக்குச் சேதி சொல்லும். படுத்தால் இரத்தம் மேலே ஏறும், வலியும் கூடும். கீழே விழுந்தவருக்கு, அதுவும் சமீபத்தில் காய்ச்சலில் கிடந்தவருக்கு, தோளில் காயமே இல்லாமல் இடது தோள் வலித்தால் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்காமல் ஸ்கேனுக்குக் கிளம்பவேண்டும். சுளுக்கு எடுப்பவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மருந்துக் கடையில் போட்ட ஊசி விஷயம் வேறு. நீங்கள் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தால் அது டைக்ளோஃபெனாக். வலியை மறைக்கும், இரத்தம் உறைவதையும் கொஞ்சம் குறைக்கும். சீட்டு இல்லாமல் ஊசி போடும் கடைகளைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

வழக்குப் போடலாமா?

நான் வழக்கறிஞர் இல்லை. மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு எப்ஸ்டீன்-பார் சின்ன வயதிலேயே, சளிக் காய்ச்சல் மாதிரி வந்து தெரியாமலே போய்விடுகிறது. 23 வயதில் முதன்முறை வந்து தொண்டையை அடைப்பதை மேலை நாடுகளைப்போல் நாம் அடிக்கடி பார்ப்பதில்லை. காய்ச்சல் என்று வந்தால் நம் பக்கத்து மருத்துவர் முதலில் டெங்குவையும் டைபாய்டையும் நினைப்பதும், தொண்டை பழுத்திருந்தால் அமாக்ஸிசிலின் எழுதுவதும் வழக்கத்துக்கு மாறானவை அல்ல. ஒரு இரத்த ஸ்மியர் (இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கலாம். இதற்கென்றே உள்ள விரைவுப் பரிசோதனைகூட முதல் வாரத்தில் பலருக்கு இல்லை என்றுதான் காட்டும். தடிப்பு வந்ததும் அதே கிளினிக்குக்குத் திரும்பிப் போயிருந்தால் அந்தத் தடிப்பே நோயைக் காட்டிக்கொடுத்திருக்கும். நீங்கள் போகவில்லை. நோயைத் தவறாகக் கணித்ததாலேயே சட்டப்படி அலட்சியம் ஆகிவிடாது, நியாயமான கவனத்தோடு நடக்கவில்லை என்று காட்டவேண்டும். கிளினிக் மேல் வழக்கு நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வடமாட்டைப் பற்றி அந்த மருத்துவரிடம் யாராவது சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லியும் அவர் தலையாட்டியிருந்தால் என் கருத்து மாறும்.

இது ஒரு ஆளுடைய கருத்துதான். உங்களுக்கு மனம் ஆறவில்லை என்றால் முதலில் ஆவணங்களை வாங்குங்கள். சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவர்களின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. கேட்கவேண்டியவர் தம்பி, கையெழுத்தும் அவருடையது. கட்டணம் வாங்கிச் சிகிச்சை தந்த இடத்தின் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2 வருடக் கெடு உண்டு. ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இன்னொன்றையும் விசாரியுங்கள்: விழாக் கமிட்டி வீரர்களுக்குக் காப்பீடு எடுத்திருந்ததா? வழக்கைவிட அது சீக்கிரம் கைக்கு வரும்.

மண்ணீரலை எடுக்காமல் காப்பாற்றியிருக்கலாமா என்ற சந்தேகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் படுக்கையில் வைத்துக் கண்காணிப்போம், இரத்தக் குழாய் வழியாகப் போய்க் கசிவை அடைக்கவும் முடியும். மயங்கி, வயிறு உப்பி வந்தவருக்கு அந்த அவகாசம் இல்லை. மதுரையில் செய்தது உயிர் காத்த முடிவு.

வேலை, கல்யாணம், ஊர்ப் பேச்சு

மண்ணீரல் போனால் இரத்தம் ஊறாது, ஆண்மை குறையும், குழந்தை பிறக்காது என்றெல்லாம் உங்களிடம் சொன்னவர்கள் கற்பனையில் சொல்லியிருக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உண்டாகின்றன. குழந்தை பெறுவதற்கும் மண்ணீரலுக்கும் சம்பந்தமே இல்லை. பட்டறை வேலைக்குப் போகலாம். தையல் வெளியே ஆறியிருந்தாலும் உள்தசை வலுவாக மூன்று மாதமாவது வேண்டும், அதற்குள் சிமெண்ட் மூட்டை, கல் அடுக்கு தூக்கினால் குடலிறக்கம் வரலாம். அதுவரை அச்சில் வண்ணம் ஊற்றும் வேலையில் உட்காரட்டும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை அறுவைக்குப் பின் ஏறுவது உண்டு, அதனால் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. ஊசிக்குப் போகும்போது ஒரு இரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.

உறவினர் பேச்சுக்கு வருகிறேன். இந்த வைரஸ் எச்சில் வழியாகப் பரவும், முத்தம் அதில் ஒரு வழி. பட்டறையில் ஒரே செம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பது, ஒரு டம்ளர் டீயை இரண்டு பேர் பங்கு போடுவது, பயிற்சியின்போது தண்ணீர் பாட்டில் கைமாறுவது எல்லாம் மற்ற வழிகள். தொற்றி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும், எங்கே வாங்கினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உலகில் வயது வந்தவர்கள் 10 பேரில் 9 பேருக்கு மேல் இது வந்து போயிருக்கிறது. பேசுகிற உறவினர்களுக்கும் வந்திருக்கும், அவர்கள் ஒழுக்கத்தை யாரும் சந்தேகிக்கவில்லை! கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணுக்குத் தொற்றுமோ என்ற கவலைக்கும் இதே பதில்தான்.

பெண் வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று தயங்கியிருக்கிறீர்கள். இது தம்பியின் உடம்பு பற்றிய சேதி, சொல்லும் உரிமையும் அவருடையது. அவர் சொல்லாமல் நீங்களோ நானோ சொல்லக்கூடாது. ஆனால் கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பெண்ணிடம் அவரே நேரில் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். நடுராத்திரியில் அவருக்குக் குளிர் எடுத்தால் பக்கத்தில் இருக்கப்போவது அந்தப் பெண்தான். மண்ணீரல் கதை தெரியாவிட்டால் ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் போர்த்திவிட்டுத் தூங்கிவிடுவார். மறைத்து வைத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மறுபடி களத்தில் இறங்குவது

பூட்டி வைக்கலாமா, சாமி பேரில் சத்தியம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் 23 வயது ஆண்மகன். சிராவயல், அரளிப்பாறை மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் சத்தியம் வாங்கினால் உங்களுக்குத் தெரியாமல் போவார், அவ்வளவுதான். தெரியாமல் போனால் காய்ச்சலையும் மறைப்பார்.

அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மண்ணீரல் இல்லாததால் அதே ஆபத்து இனி வராது. புதிதாக வந்திருப்பது வேறு. மாட்டுக் கொம்பு குத்திய காயம் சுத்தமான காயம் இல்லை, மண்ணும் சாணமும் உள்ளே போகும். பக்கத்தில் நிற்கும் வீரருக்குச் சீழ் பிடித்து ஆறும் காயம், இவருக்கு இரத்தத்தில் விஷமாக ஏறும் வாய்ப்பு கூடுதல். வயிற்றில் மேலிருந்து கீழாகப் போட்ட தையலும் இருக்கிறது. தகுதிச் சான்று கேட்டு என்னிடம் வந்தால் கையெழுத்துப் போடமாட்டேன், இந்த வருடம் மட்டுமல்ல. மாடு இல்லாத வாழ்க்கை வேண்டாம் என்றால் ஒரு கன்று வாங்கி வளர்க்கட்டும், அவிழ்த்துவிடட்டும். வடமாட்டுக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கட்டும்.

அப்படிப் பயிற்சி கொடுக்கும்போது குழுவுக்குச் சொல்ல அவரிடம் சொந்த அனுபவமே இருக்கிறது. களத்துக்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் இரத்த அழுத்தமும் நாடியும் பார்ப்பார்கள், மது அருந்தியிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்டால் "இல்லை சார்" என்று சொல்லிவிடுவது நம் பையன்களின் பழக்கம். அவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியவை:

1. தொண்டை வலி, கழுத்து நெறி, அசதியோடு காய்ச்சல் வந்து இந்த வைரஸ் என்று தெரிந்தால், காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து மூன்று வாரம் ஓட்டம், பாரம் எதுவும் கூடாது. மஞ்சுவிரட்டு, வடமாடு, கபடிக்கு ஒரு மாதம் என்பது குறைந்தபட்சம். என்னிடம் வருபவர்களுக்கு இரண்டு மாதம் என்றே சொல்கிறேன், அபூர்வமாக எட்டாவது வாரம்வரை கிழிந்ததுண்டு.

2. மலேரியா, டைபாய்டு, டெங்குவிலும் மண்ணீரல் வீங்கும், அபூர்வமாகக் கிழியும். டெங்குவில் தட்டணுவும் குறைந்திருக்கும், அடிபட்டால் இரத்தம் நிற்காது. டைபாய்டில் குடலும் புண்ணாகியிருக்கும். எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் மருத்துவரிடம் "மாடு பிடிக்கப் போகலாமா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். விளையாட்டு என்று மட்டும் சொன்னால் அவர் ஷட்டில் என்று நினைத்துக்கொள்வார்.

3. விழுந்த பின் இடது மேல் வயிற்றில் வலி, தோளில் வலி, எழுந்தால் கண் இருட்டுவது, காரணமில்லாத வேர்வை. இவற்றில் ஒன்று இருந்தாலும், ஒரு வாரம் கழித்து வந்தாலும், 108. வலி ஊசி வேண்டாம், நீவுதல் வேண்டாம்.

ஊசி போடப் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, எப்ஸ்டீன்-பார் பரிசோதனைத் தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள். அமாக்ஸிசிலின் எந்தத் தேதியில் தொடங்கியது, தடிப்பு எந்த நாள் வந்தது என்று ஒரு தாளில் எழுதி, தம்பி கையிலேயே கொடுத்துவிடுங்கள். மருத்துவரிடம் பேசவேண்டியவர் அவர்தான்.